புதிதாக ஊக்குநர் ஆகியிருக்கிறீர்களா? குழுக் கூட்டத்தை இப்படி நடத்திப் பாருங்கள்

மகளிர் சுயஉதவிக் குழுவில் எல்லோருமாகச் சேர்ந்து உங்களை ஊக்குநராக, அதாவது கூட்டத்தையும் கணக்கையும் முன்னின்று நடத்துகிறவராக, போட்டுவிட்டார்கள். நோட்டுகளையும் பெட்டியையும் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள், அடுத்த கூட்டத்தை நீங்கள்தான் நடத்த வேண்டும், எங்கே ஆரம்பிப்பதென்று புரியவில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் நாலு வருஷம் உறுப்பினராக இருந்துவிட்டு, அப்புறம் ஆறு வருஷம் ஊக்குநராக இருந்தேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததைவிட பாயில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதுதான் அதிகம்.

கூட்டம் நடத்துவதென்றால் நன்றாகப் பேச வரவேண்டும் என்று பயப்படாதீர்கள். நன்றாகப் பேசுகிறவர்கள் நடத்திய குழுக்கள் பாதியில் உடைந்ததை நான் பார்த்திருக்கிறேன், அதிகம் பேசத் தெரியாத ஒரு அக்கா நடத்திய குழு பதினைந்து வருஷமாக ஓடிக்கொண்டிருப்பதையும் பார்க்கிறேன். உங்கள் வேலை ஒன்றுதான்: குழுவின் பணமும் குழுவின் பேச்சும் எல்லோர் கண்முன்னால் நடக்க வேண்டும். கடைத்தெருவில் வைத்து முடிவெடுப்பது, வாசலில் நின்று பணம் வாங்குவது, மூன்று பேர் மட்டும் தனியாகக் கூடிப் பேசுவது, இதையெல்லாம் விட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை வரவே வராது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்டால், இந்தக் குழுக்கள் வந்த வழியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில்தான் அரசு வழியாக இது ஆரம்பித்தது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்தியது. 1992-ல் வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் முயற்சியைத் தொடங்கியது, 1997-98-ல் குழுக்களுக்கான மாநில அரசின் மகளிர் திட்டம் வந்தது. அதுவரைக்கும் நிலப் பத்திரம் இல்லாத, அடகு வைக்க நகை இல்லாத பெண்களை வங்கி வாசலில் யாரும் உட்காரச் சொன்னதில்லை. இன்றைக்கு ஈடு எதுவும் கேட்காமல் குழுவுக்குக் கடன் கொடுக்கிறார்கள் என்றால் எதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள்? வருகைப் பதிவேட்டையும், தீர்மான நோட்டையும், கடன் பேரேட்டையும் பார்த்துத்தான். பயிற்சியில் பஞ்ச சூத்திரம் என்று ஐந்தைச் சொல்வார்கள்: ஒழுங்கான கூட்டம், ஒழுங்கான சேமிப்பு, உள்கடன் (குழுவின் பணத்திலிருந்து உறுப்பினருக்குக் கொடுக்கும் கடன்), தவணை தவறாமல் திருப்பிக் கட்டுவது, சரியான கணக்கு. கூட்டத்தை முதலில் வைத்ததில் அர்த்தம் இருக்கிறது, மற்ற நாலும் அந்தப் பாயில் உட்கார்ந்துதான் நடக்கின்றன.

எங்கே, எப்போது

இடத்தை லேசாக நினைக்காதீர்கள். யாராவது ஒருவர் வீட்டில் நடத்துவது வசதியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வீட்டுக்குள் எல்லா உறுப்பினரும் தயங்காமல் நுழைவார்களா, யாராவது திண்ணையோடு நின்றுவிடுகிறார்களா, தண்ணீர் கொடுக்கும்போது ஒருவருக்கு மட்டும் வேறு டம்ளர் வருகிறதா என்று பாருங்கள். அப்படி ஒன்று நடந்தால் அடுத்த கூட்டத்தையே அங்கன்வாடிக்கோ பள்ளிக்கூடத்துக்கோ சமுதாயக்கூடத்துக்கோ மாற்றிவிடுங்கள். யாரிடமும் காரணம் சொல்லிச் சண்டை போட வேண்டியதில்லை, "அங்கே லைட் நல்லா இருக்கு" என்றால் போதும். ஆனால் கட்டாயம் மாற்றுங்கள். திண்ணையில் உட்கார வைக்கப்பட்ட பெண் கடன் கேட்க வாய் திறக்க மாட்டாள், அவளுக்கு வேண்டியது வேறு யாருக்கோ போய்விடும்.

நேரத்தை உறுப்பினர்கள்தான் சொல்ல வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், மில்லுக்கு ஷிப்டில் போகிறவர்கள், மாடு வைத்திருப்பவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நேரம் இருக்கும். எங்கள் குழுவில் பால் ஊற்றிவிட்டு வந்தபிறகு ஏழு மணி என்று வைத்தோம். ஏழு என்றால் ஏழு. ஐந்து பேர் வந்திருந்தாலும் பாயை விரித்து, வந்தவர்களின் வருகையை எழுத ஆரம்பித்துவிடுங்கள். நேரத்துக்கு வந்தவரை அரை மணி நேரம் காக்க வைத்தால் அடுத்த மாதம் அவரும் தாமதமாகத்தான் வருவார்.

எல்லோரும் வட்டமாக, தரையில். நீங்கள் மட்டும் நாற்காலியில் உட்காராதீர்கள். முட்டி வலிக்கிற பெரியம்மா இருந்தால் அவருக்கு நாற்காலி போடுங்கள், வட்டத்துக்குள்ளேயே.

பணம் பாயின் நடுவில்

வருகை எடுத்து, போன கூட்டத்தின் தீர்மானங்களை வாசித்து, சொன்னபடி நடந்ததா என்று பார்த்தபிறகு பணத்துக்கு வருகிறோம். கூட்டம் நடத்துபவரின் பெயர் கெடுவதோ நிற்பதோ இந்த இருபது நிமிஷத்தில்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பணத்தை ஒவ்வொருவராக, பெயர் சொல்லி, தொகை சொல்லி, நடுவில் வைக்க வேண்டும். "சேமிப்பு இருநூறு, கடன் அசல் ஆயிரம், வட்டி அறுபது" என்று கட்டுகிறவரே வாய்விட்டுச் சொல்லட்டும். நீங்கள் பேரேட்டில் எழுதுங்கள், உங்களோடு பொறுப்பில் இருக்கும் பிரதிநிதி, கட்டுகிறவரின் பாஸ்புக்கில் எழுதட்டும். நீங்கள் எழுதுகிறீர்கள் என்றால் பணத்தை எண்ணுவது வேறொருவராக இருக்க வேண்டும். எழுதுவதும் எண்ணுவதும் ஒரே கையில் இருக்கவே கூடாது.

ஒரு மாதக் கணக்கைச் சொல்கிறேன். 15 பேர், ஆளுக்கு 200 ரூபாய் சேமிப்பு. இரண்டு பேர் வரவில்லை, 13 பேரிடம் வந்தது 2,600. கடன் வாங்கிய நாலு பேர் ஆளுக்கு ஆயிரம் அசல் கட்டினார்கள், 4,000. அவர்களுடைய பாக்கி 10,000, 8,000, 6,000, 3,000 என்று இருந்தது. மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் 100, 80, 60, 30, மொத்தம் 270. ஆகமொத்தம் 6,870. இப்போது பணத்தை எண்ணுகிறவர் நீங்கள் கூட்டிய தொகையைக் கேட்காமல் தனியாக எண்ணிச் சொல்ல வேண்டும். அவர் "ஆறாயிரத்து எண்ணூற்று எழுபது" என்று சொல்லும்போது உங்கள் நோட்டிலும் அதுவே இருந்தால் பாயைச் சுற்றி எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி தெரியும், அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்த வேலை பிடித்துப்போனது. இருபது ரூபாய் இடித்தால்? உங்கள் கையிலிருந்து இருபது ரூபாயைப் போட்டுச் சரிக்கட்டாதீர்கள். பத்து நிமிஷம் ஆனாலும் எல்லோரும் தத்தம் பாஸ்புக்கைப் பார்க்கட்டும், எங்கே விட்டது என்று கண்டுபிடித்துத் திருத்துங்கள்.

வழியில் பணம் வாங்காதீர்கள் என்று சொன்னேன் இல்லையா, அதற்குக் காரணம் இருக்கிறது. ஒருமுறை பஸ் ஸ்டாப்பில் ஒரு தங்கச்சி, "அக்கா, கூட்டத்துக்கு வர முடியாது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இதை வெச்சுக்கங்க" என்று ஐந்நூறு ரூபாயைக் கையில் திணித்தாள். நான் வாங்கிப் பையில் போட்டேன். அன்று இரவு கூட்டத்தில் எழுத மறந்துபோனேன். இரண்டு மாதம் கழித்து அவள் பாஸ்புக்கில் பணம் ஏறவில்லை என்று பார்த்தபோது, அவள் சொன்னதை நான் ஒப்புக்கொண்டு அங்கேயே கட்டிவிட்டேன். இருந்தாலும் அடுத்த ஒரு வருஷம் நான் கணக்கு வாசிக்கும்போதெல்லாம் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வையை மாற்ற எனக்கு ஒரு வருஷம் ஆனது. வர முடியாதவர் இன்னொரு உறுப்பினரிடம் கொடுத்தனுப்பட்டும், அந்த உறுப்பினர் கூட்டத்தில் பெயர் சொல்லி வைக்கட்டும்.

இப்போது ஜிபே வந்துவிட்டது, "உங்க நம்பருக்கே போட்டுடறேன்க்கா" என்பார்கள். உங்கள் சொந்தக் கணக்கில் குழுப் பணம் ஒரு ரூபாய்கூட வரக் கூடாது, மளிகைக் கடைக்கு அனுப்பிய பணத்தோடு அது கலந்துவிடும். அனுப்புவதானால் குழுவின் வங்கிக் கணக்குக்கே அனுப்பிவிட்டு, வந்த மெசேஜைக் கூட்டத்தில் காட்டட்டும்.

எண்ணி முடித்த பணத்தில் அன்றைக்கே உள்கடன் கொடுத்தது போக மீதி மறுநாள் வங்கிக்குப் போக வேண்டும், அடுத்த கூட்டத்தில் அந்தச் சலானைக் காட்ட வேண்டும். ஒரு ராத்திரி வைத்திருக்கும் பெட்டி ஒருவர் வீட்டிலும் சாவி இன்னொருவர் வீட்டிலும் இருக்கட்டும். நம்பிக்கை இல்லாமல் செய்வதல்ல இது. நாளைக்கு உங்கள் வீட்டில் அவசரச் செலவு வந்து உங்கள் வீட்டுக்காரர் "அந்தப் பெட்டியிலேர்ந்து எடு" என்று சொன்னால், "சாவி என்கிட்ட இல்லை" என்று சொல்ல உங்களுக்கும் ஒரு வழி வேண்டும்.

கடன் யாருக்கு

கையில் இருபதாயிரம் இருக்கும், மூன்று பேர் ஆளுக்குப் பத்தாயிரம் கேட்பார்கள். குழுவில் பெரும்பாலும் சண்டை தொடங்குவது இங்கேதான்.

கேட்கும் ஒவ்வொருவரும் மூன்றைச் சொல்ல வேண்டும்: எதற்கு, எவ்வளவு, எத்தனை மாதத்தில் கட்டுவேன். அப்புறம் வட்டத்தில் ஒவ்வொருவராகக் கருத்துக் கேளுங்கள். ஆரம்பிக்கும்போது எப்போதும் வாயாடியாக இருக்கும் அக்காவிடம் ஆரம்பிக்காதீர்கள். அவர் ஒன்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் "அக்கா சொல்றதுதான்" என்று முடித்துக்கொள்வார்கள். அமைதியாக இருப்பவரிடமிருந்து தொடங்குங்கள், நீங்கள் கடைசியில் பேசுங்கள். நாத்தனார் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் அண்ணி வாய் திறப்பது சுலபமில்லை, அதனால் "என்ன நினைக்கிறீங்க?" என்று பொதுவாகக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார். "செல்வியோட பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ், லட்சுமி அக்காவுக்கு ஆடு வாங்க, ரெண்டுல எது காத்திருக்கும்?" என்று கேளுங்கள், பதில் வரும். பதில் வந்ததும் உடனே அடுத்தவருக்குத் தாவாமல், ஒரு நொடி நின்று அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். தான் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள் என்று தெரிந்தவர் அடுத்த மாதம் தானாகவே பேசுவார்.

சில இடங்களில் சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆஸ்பத்திரிச் செலவையும் பீரோ வாங்கும் செலவையும் ஒரே டப்பாவில் போட்டுக் குலுக்குவது நியாயமாகாது. பேசி முடிவெடுப்பதற்குத்தானே கூட்டம். இரண்டு தேவையும் சமம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டால் மட்டும் குலுக்கலாம்.

உங்களுக்கே கடன் வேண்டுமென்றால் அன்றைக்குக் கூட்டத்தைப் பிரதிநிதியிடம் கொடுத்துவிட்டு வட்டத்தில் உட்கார்ந்து, மற்றவர்களைப் போலவே கேளுங்கள். உங்கள் கோரிக்கையை நீங்களே ஓட்டுக்கு விட்டால் யாரும் உங்கள் முகத்துக்கு நேராக மறுக்க மாட்டார்கள், வீட்டுக்குப் போய்த்தான் பேசுவார்கள்.

வட்டியைப் புரியவைப்பதும் உங்கள் வேலை. பத்தாயிரம் கடன், பத்துத் தவணை, நூற்றுக்கு ஒரு ரூபாய். குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி போட்டால் முதல் மாதம் 100, அடுத்து 90, 80 என்று இறங்கி, கடைசியில் மொத்த வட்டி 550 ரூபாய். அதையே முழுத் தொகைக்கும் பத்து மாதம் போட்டால் 1,000. இதை ஒருமுறை கூட்டத்தில் கரும்பலகையிலோ காலண்டர் தாளின் பின்பக்கத்திலோ எழுதிக் காட்டுங்கள். இதைப் புரிந்துகொண்ட பெண், வீடு தேடி வந்து கையெழுத்து வாங்கும் தனியார் கடன்காரர்களிடமும் அதே கேள்வியைக் கேட்பார். அவர்களும் "குழு லோன்" என்றுதான் சொல்லிக்கொண்டு வருகிறார்கள், ஆனால் அங்கே கட்டும் வட்டி வெளியே போகிறது, நம்முடைய உள்கடன் வட்டி நம் குழுவுக்குள்ளேயே தங்குகிறது. இந்த வித்தியாசத்தை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

தவணை கட்டாதவர்

கட்ட முடியாதவரையும் கட்டாதவரையும் ஒன்றாக நடத்தாதீர்கள். ஒரு தவணை தவறினால் கூட்டத்தில் வைத்துக் கேட்காமல், நீங்களும் அவருக்கு நெருக்கமான ஒருவரும் பகலில் அவர் வீட்டுக்குப் போங்கள். மாடு செத்திருக்கும், வேலை நின்றிருக்கும், பல வீடுகளில் அவர் எடுத்து வைத்த பணத்தை வீட்டுக்காரர் கொண்டுபோயிருப்பார். இதையெல்லாம் பதினைந்து பேர் நடுவில் அவரால் சொல்ல முடியாது. காரணம் நியாயம் என்றால் "அடுத்த மூன்று மாதம் வட்டி மட்டும்" என்பது போல ஒரு வழியை அவரே கூட்டத்தில் கேட்கட்டும், தீர்மானமாகவே எழுதிவிடலாம். கட்ட வசதி இருந்தும் தள்ளிப்போடுகிறவர் என்றால் கூட்டத்தில் நேராகவே கேளுங்கள், ஆனால் கணக்கை மட்டும் கேளுங்கள். அவருடைய புதுப் புடவையைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ யாராவது இழுத்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். நாலு பேர் இரவில் போய் வாசலில் நிற்பது, சத்தம் போடுவது, இதெல்லாம் செய்யவே கூடாது. வட்டிக்காரன் செய்ததையே நாமும் செய்வதற்கா குழு ஆரம்பித்தோம்?

சண்டை வரும்போது

வரும். தண்ணீர்க் குழாய்ச் சண்டை, வரப்புச் சண்டை, கல்யாணத்துக்குக் கூப்பிடாத சண்டை எல்லாம் பாயில் வந்து உட்காரும். "அது குழு விஷயம் இல்லைக்கா, கூட்டம் முடிஞ்சதும் நான் வந்து உட்கார்றேன், பேசுவோம்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி கட்டாயம் போய் உட்காருங்கள். குறுக்கே பேசுகிறவரிடம் "ஒரு நிமிஷம்க்கா, அவங்க முடிக்கட்டும், அடுத்தது நீங்கதான்" என்றால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடுத்த வாய்ப்பை உண்மையிலேயே அவருக்குக் கொடுக்க வேண்டும், அது முக்கியம். ஓயாமல் பேசுகிறவர்களுக்கு வேலை கொடுங்கள். எங்கள் குழுவில் எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்த ஒரு அத்தையிடம் பணம் எண்ணும் வேலையைக் கொடுத்தேன். எண்ணும்போது பேச முடியாது, அதோடு அவர் எண்ணினால் யாருக்கும் சந்தேகமும் வராது.

ஜாதியைச் சொல்லி யாராவது ஒரு வார்த்தை விட்டால் அது வேறு. அதற்குச் சமாதானம் பேசிக்கொண்டிருக்காதீர்கள். கூட்டத்தை நிறுத்துங்கள், அங்கேயே மன்னிப்புக் கேட்ட பிறகு தொடருங்கள்.

தீர்மான நோட்டு

தேதி, இடம், வந்தவர் எண்ணிக்கை, அப்புறம் தீர்மானங்கள். "கடன் கொடுக்கப்பட்டது" என்று மொட்டையாக எழுதாதீர்கள். யாருக்கு, எதற்கு, ரூ.10,000, 10 தவணை, நூற்றுக்கு 1 வட்டி, முதல் தவணை எந்த மாதம், எல்லாம் இருக்க வேண்டும். எழுதி முடித்தபின் சத்தமாக வாசியுங்கள், வாசித்தபிறகுதான் கையெழுத்து. வெறும் பக்கத்தில் முன்கூட்டியே எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது பல ஊர்களில் பழக்கமாகிவிட்டது. வங்கிக்கு அவசரம், அதிகாரி கேட்கிறார் என்று காரணம் சொல்வார்கள். யார் கேட்டாலும் செய்யாதீர்கள். அந்த வெறும் பக்கத்தில் நாளைக்கு யார் எதை எழுதினாலும் பதினைந்து பேரும் அதற்குப் பொறுப்பு. கடைசித் தீர்மானத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவில் இடம் இருந்தால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கைநாட்டு வைக்கிறவர் இருந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குத் தனியாக ஒருமுறை வாசியுங்கள். கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுங்கள் என்றும் சொல்வேன். ஐம்பத்தெட்டு வயதில் தன் பெயரை நோட்டில் எழுதிவிட்டு அந்த நோட்டைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்த ஒரு அம்மாவை நான் மறக்கவில்லை.

வெளியிலிருந்து ஆட்கள் வருவார்கள். பொருள் விற்க, இன்சூரன்ஸ் போட, தேர்தல் நேரத்தில் ஆள் சேர்க்க. "ஊக்குநர்கிட்ட சொன்னா போதும், இருபது பேர் வந்துடுவாங்க" என்று உங்களைப் பிடிப்பார்கள். உங்கள் வாயால் எதற்கும் சரி சொல்லாதீர்கள், "கூட்டத்துல வெச்சுக் கேட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அதே மாதிரி வாட்ஸ்அப் குரூப்பில் கூட்டத் தேதியைப் போடலாம், கடன் முடிவை அங்கே எடுக்காதீர்கள். போன் இல்லாத இரண்டு பேர் எப்படியும் உங்கள் குழுவில் இருப்பார்கள்.

இன்னொன்று, மூன்றாவது மாதத்திலிருந்தே கூட்டத்தின் ஒரு பகுதியை மற்றவர்களிடம் கொடுக்க ஆரம்பியுங்கள். ஒருவர் தீர்மானம் வாசிக்கட்டும், இன்னொருவர் பேரேடு எழுதட்டும், தப்பு வந்தால் பக்கத்தில் இருந்து திருத்துங்கள். பத்து வருஷம் ஒருவரே ஊக்குநராக இருக்கும் குழுக்களில், அவருக்கு உடம்பு முடியாமல் போனால் கூட்டமே நின்றுவிடுகிறது. இரண்டு மூன்று வருஷத்தில் பொறுப்பை மாற்றுங்கள். மாற்றும்போது நோட்டுகள், பாஸ்புக், செக் புக், பெட்டி, கையிருப்பு எல்லாவற்றையும் கூட்டத்தில் பட்டியல் போட்டு ஒப்படையுங்கள், தீர்மானம் போட்டு வங்கியில் கையெழுத்தை மாற்றுங்கள், பழைய கையெழுத்து நீக்கப்பட்டதா என்று வங்கியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அடுத்த இரண்டு கூட்டத்துக்குப் புது ஊக்குநருக்கு எதிர்ப்பக்கமாகப் பாயில் உட்காருங்கள், பக்கத்தில் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தால் எல்லோரும் பழக்கதோஷத்தில் பணத்தை உங்களிடமே நீட்டுவார்கள்.